பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு பாட்டுப் புத்தகம்

முதலில் கையுறை விஷயத்தை முடித்துவிடுகிறேன். நீங்கள் மூன்று பேரும் வேலையில் சேர்ந்த கையோடு வெள்ளைக் கையுறை கேட்டு எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள், உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையுறை போட்ட விரலுக்குப் பழைய தாளின் ஓரம் தட்டுப்படாது. கிழிந்த பிறகுதான் தெரியும். கையை நன்றாகக் கழுவுங்கள், ஈரம் போகத் துடையுங்கள், பிறகு தொடுங்கள். இதற்கு மேல் தொழில் நுணுக்கம் எதையும் நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கண் பார்த்துக் கை செய்து கற்றவள், நீங்கள் முறையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நான் பேச வந்தது உங்கள் இரண்டாவது விண்ணப்பத்தைப் பற்றி. நம் அருங்காட்சியகத்தின் அமெரிக்கப் பாட்டுப் புத்தக அலமாரியிலிருந்து ஒரே ஒரு புத்தகம், ஆண்டுக்கு ஒருமுறை மாசி மாதத்தில் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமத்துக்குப் போய்த் திரும்புகிறது. பஸ்ஸில், ஒருவர் மடியில். இந்தப் பயணத்தை நிறுத்திவிட்டு, எல்லாத் தாள்களையும் ஸ்கேன் செய்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தூசி, வெயில், பஸ் குலுக்கல் என்று நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே நிஜம். தாள் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் எழுதியது என்பதும் புரிகிறது. இருந்தாலும் அந்த விண்ணப்பம் மேலே போவதற்குள் நீங்களே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஓய்வு பெற்றவள் வேலை மெனக்கெட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். விசைத்தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசி வளர்ந்ததால் எனக்குக் குரல் கொஞ்சம் பெரியது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில சமயம் கோபமும்தான், அது உங்களுக்கே தெரிந்துவிடும். வேலை பார்த்த காலம் முழுக்க பாளையம்பட்டி வழியாக மதுரைக்குப் பஸ்ஸில் வந்து போனேன். வீட்டில் என் அண்ணன், "அமெரிக்கா பாட்டுப் புத்தகத்தத் தொடைக்கிறதுக்கா இம்புட்டு தூரம் போற" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த அலமாரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து பாதிரிமார்கள் இந்த வறண்ட சீமைக்கு மாட்டு வண்டியில் பெட்டி பெட்டியாகச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போகும்போது பெட்டிகளைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். அப்படி மிஞ்சியவைதான் அவை. குழந்தைகளுக்கான ஞாயிறு பள்ளிப் பாட்டு, சிப்பாய்கள் நடந்துகொண்டே பாடும் பாட்டு, குடியை விட்டுவிடச் சொல்லும் பாட்டு என்று எல்லாம் உண்டு. குடியை விடச் சொல்லும் புத்தகத்தின் அட்டையில் டம்ளர் வைத்த வட்டக் கறை ஒன்று இருக்கிறது. டம்ளரில் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் ஆராயவில்லை.

அவற்றில், ஊருக்குப் போய்த் திரும்பும் நம் நீளப் புத்தகம் தனி. உயரம் குறைவு, அகலம் அதிகம். வங்கிக் காசோலைப் புத்தகத்தைப் பெரிதாகச் செய்தால் எப்படியிருக்கும், அப்படி. இசை படிக்கத் தெரியாத நாட்டுப்புறத்து ஆட்களும் சேர்ந்து பாட வேண்டும் என்று அமெரிக்காவில் அச்சிட்டது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் உருவம்: வட்டம், சதுரம், முக்கோணம், வைரம். உருவத்தைப் பார்த்தால் குரலை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். நம் பிரதியில் நான்கைந்து பாட்டுகளுக்கு மட்டும், ஆங்கில வரிகளுக்குக் கீழே யாரோ மையால் தமிழ் வார்த்தைகளை எழுதி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு உருவத்துக்கும் நேராக ஓர் அசை. இதே புத்தகத்தின் சுத்தமான பிரதி அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஒருவர் நம்முடையதைப் பிரித்து, அந்தத் தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "எங்களுடையதை யாரும் பாடவில்லை போலிருக்கிறது" என்றார்.

நம்முடையது என்று பேச்சு வாக்கில் சொல்லிவிட்டேன். அது நம்முடையது அல்ல. அது ஏன் என்பதுதான் கதை.

நான் முதன்முதலில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தது கிராமத்தில் சாராள் வீட்டில். சாராள் அந்த ஊர்ச் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். கணவர் வெளியூரில் லாரி ஓட்டினார். வீட்டில் தையல் மெஷின், வெளியே கொஞ்சம் கரிசல் நிலம், அதில் மிளகாய். நல்ல வாய்த்துடுக்கு. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். புத்தகத்தை வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். நான் அதைக் கேட்டுக் கேட்டு நடந்தபோதெல்லாம் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு ஒரு மழைக்குப் பெட்டியின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, கரையான் ஏறி, புத்தகத்தின் ஓர் ஓரத்தைத் தின்றுவிட்டது. அவரே ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்.

"குடுத்துருதேன்க்கா. என் வீட்ல வச்சு மண்ணாப் போறதுக்கு அங்க இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. அறுப்புப் பண்டியல் அன்னைக்கு மட்டும் புத்தகம் இங்க வரணும். அன்னைக்கு நாங்க சுத்தி உக்காந்து பாடணும்" என்றார்.

அந்த ஊரில் அறுப்பின் பண்டிகை மாசியில் வரும். மழைக்கு விதைத்ததெல்லாம் வீடு வந்து சேர்ந்திருக்கும். ஆராதனை முடிந்து, காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு, சாப்பிட்டு எழுந்த பிறகு, நான்கு பக்கமும் முகத்தைப் பார்த்துக்கொண்டு சதுரமாக உட்காருவார்கள். நடுவில் இந்தப் புத்தகம். அந்த நான்கைந்து பாட்டைப் பாடிவிட்டு எழுந்து போவார்கள். அமெரிக்காவிலும் இந்தப் புத்தகங்களை இப்படிச் சதுரமாக உட்கார்ந்துதான் பாடினார்களாம். ஊர்க்காரர்களிடம் அதைச் சொன்னேன். பாடுவதென்றால் பின்னே வேறு எப்படி உட்காருவது என்று திருப்பிக் கேட்டார்கள்.

சாராளின் நிபந்தனையை நம் நிர்வாகக் குழுவிடம் கொண்டுபோனேன். குழு ஒரே பேச்சில் மறுத்துவிட்டது. நிபந்தனையோடு வரும் எதையும் ஏற்பதில்லை, கொடுத்தால் முழுதாகக் கொடுக்கட்டும் என்றது. அந்த முடிவைச் சாராளிடம் நேரில் சொல்வதற்காகத்தான் பண்டிகை நாளன்று போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எண்ணம். பஸ்ஸில் போகும்போதே எனக்கு வாய் கசந்தது.

சபையின் கோவிலுக்குள் நுழைந்ததும் கொத்தமல்லி வாசனையும் மிளகாய் வத்தல் நெடியும் சேர்ந்து மூக்கைப் பிடித்தது. முன்னால் நீள மேஜை. குதிரைவாலி மூடை, உளுந்து, பருத்திப் பொதி, தேங்காய்கள், காலைக் கட்டிப் போட்ட ஒரு கோழி, பெரிய பூசணிக்காய் ஒன்று. பூசணிக்காய்க்கும் கோழிக்கும் நடுவே, மஞ்சள் துணி விரித்து, நீளப் புத்தகம்.

எனக்கு முதலில் கோழிதான் கண்ணில் பட்டது. கோழி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நேராகப் போய்ப் புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினேன்.

"தாயி, கை வைக்காதீக" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஞானமுத்து மூப்பர். சபையில் பெரியவர், சாராளின் மாமனார். நல்ல மனிதர். என்னைக் கண்டால் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். அன்றைக்கு அவர் முகம் பேயறைந்தது போலிருந்தது.

நடந்தது இதுதான். எனக்குக் கொடுப்பதற்காகச் சாராள் காலையிலேயே புத்தகத்தை எடுத்து மாமனாரிடம் தந்திருக்கிறார். ஊரை விட்டுப் போகிற பொருளைக் கடவுள் முன்னால் ஒரு தடவை வைத்து எடுக்காமல் எப்படி அனுப்புவது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. புது வண்டி வாங்கினாலும், மகனுக்கு வேலை கிடைத்தாலும், எதுவானாலும் முதலில் அங்கே வைத்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். வைத்துவிட்டார். அன்று அறுப்பின் பண்டிகை என்பதும், அந்த நாளில் அந்த மேஜையில் ஏறியது எதுவானாலும் ஏலத்தில் போய்த்தான் ஆக வேண்டும் என்பதும், போதகர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெபித்து முடித்த பிறகுதான் மூப்பருக்கு உறைத்திருக்கிறது.

"எடுத்துக் குடுத்துருங்களேன் மூப்பரே. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றேன்.

"எடுக்கப்படாது தாயி. முந்தி ஒருத்தரு, புள்ள அழுகுதுன்னு படைச்ச கன்னுக்குட்டியத் திரும்பப் பிடிச்சுட்டுப் போயிட்டாரு. அதுல சண்டையாகி, பாதி ஊரு இன்னைக்கும் வேற கோயிலுக்குத்தான் போகுது. நானே எடுத்தேன்னா, நாளைக்கு யாருகிட்ட நான் பேச முடியும்?"

மேஜையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன். கடைசி வரிசையில் சட்டைப்பையில் பேனாவும் கையில் பிளாஸ்டிக் பையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மதுரையில் பழம்பொருள் வியாபாரம் செய்பவர், இந்த மாதிரி ஏலங்களுக்கு ஊர் ஊராகப் போகிறவர். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கும் என்னைத் தெரியும். வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். அவர் கைக்கு வந்த பழைய அமெரிக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்று என்ன ஆனது என்பதை ஒரு பெரிய ஓட்டலில் பார்த்திருக்கிறேன். தாள் தாளாகப் பிரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு பாட்டின் முதல் பாதி கை கழுவும் இடத்தில், மறுபாதி மாடிப்படியில்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அருங்காட்சியகப் பணத்தில் ஏலம் கேட்க எனக்கு அனுமதி இல்லை. என் சொந்தப் பணத்தில் கேட்கலாம்தான். ஆனால் அருங்காட்சியகத்துக்காகத் தேடிப் போன பொருளைக் காப்பாளரே தன் பேரில் வாங்குவது இந்தத் தொழிலில் செய்யக் கூடாத காரியம். எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும் சரி. இன்று புத்தகத்தைக் காப்பாற்ற என்று வாங்குவோம், நாளைக்கு நம் வீட்டு அலமாரியில் இருக்கும். அப்படி இருந்தவர்களை எனக்குத் தெரியும். நீங்களும் பார்ப்பீர்கள்.

செல்போன் அந்த ஊரில் அப்போது கண்மாய்க் கரையில் ஏறி நின்றால்தான் எடுக்கும். ஓடிப்போய் கருவேல மரத்தடியில் நின்று எங்கள் தலைமைக் காப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் பெயரைச் சொல்லவில்லை, அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசாத மனிதர். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நான் அங்க இல்லம்மா. நீங்கதான் இருக்கீங்க. என்ன செய்யணும்னு இங்க உக்காந்துட்டு நான் சொன்னா அது தப்பாத்தான் இருக்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. அங்க என்ன சொல்றீங்களோ, அதையே நாளைக்கு என் மேஜைக்கு முன்னால நின்னும் சொல்ல முடியணும்" என்றார். அதோடு வைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா கரையேறி ஓடி வந்தேன் என்று இருந்தது. திரும்பி நடக்கும்போது தேங்காய்களை ஏலம் விடும் சத்தம் கேட்டது. போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்தான் ஏலம் விடுவார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்து மூன்றாம் தரம் சொன்னதும், எடுத்தவரைப் பார்த்து, "வீட்டுக்கா, திரும்பவுமா?" என்று கேட்பார். வீட்டுக்கு என்றால் எடுத்துக்கொண்டு போகலாம். திரும்பவும் என்றால் பொருள் மறுபடி மேஜைக்கு வந்து இன்னொரு தடவை ஏலம் போகும். ஒரே தேங்காய் பல கை மாறிச் சபைக்குச் சம்பாதித்துக் கொடுக்கும்.

பூசணிக்காய் போனது. அடுத்தது புத்தகம். நான் மூப்பரிடம் போய், ஏலத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். அவர் கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார்.

வியாபாரியைப் பற்றி ஊர் முன்னால் தாறுமாறாகப் பேச எனக்கு உரிமை இல்லை. அவர் திருடர் அல்ல, காசு கொடுத்து வாங்குகிறவர். அதனால் அவரையே கேட்டேன். "ஐயா, இதை எடுத்தீங்கன்னா என்ன செய்வீங்கன்னு இவுகளுக்குச் சொல்லுங்க."

அவர் எழுந்து நின்றார். மறைக்கவில்லை. "தாளைப் பிரிச்சுக் கண்ணாடி போட்டுக் குடுப்பேங்க. பெரிய ஓட்டல், பங்களா, எல்லா எடத்துலயும் கேக்காங்க. கெட்டுப் போகாது, நல்லா இருக்கும்" என்றார்.

நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஒருவர் முகமும் மாறவில்லை. யாரோ ஒருவர், "நம்மூருப் பாட்டு ஓட்டல்ல தொங்குதுன்னா பெருமதான" என்று சொல்ல, இரண்டு மூன்று தலைகள் ஆடின. 

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து சாராள் எழுந்தார். அவர் பார்த்தது வியாபாரியை அல்ல, என்னை.

"அக்கா, அவரு செவத்துல கண்ணாடி போட்டு மாட்டுவாரு. நீங்க பொட்டியில கண்ணாடி போட்டு வைப்பீக. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான. நீங்க கொண்டுட்டுப் போனா மட்டும் நாங்க என்னத்தப் பாடப் போறோம்? பண்டியலுக்கு வருமா வராதா, அதச் சொல்லுங்க மொதல்ல."

வராது என்பதுதான் குழுவின் முடிவு. அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். இப்போது மறைத்துவிட்டு, ஏலம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பியிருக்கலாம். வரும் என்று பொய்யாகத் தலையாட்டியிருக்கலாம். சபை முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்மாய்க் கரையில் கேட்ட வார்த்தைகளின் கனம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வராதுன்னு எங்க ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். ஆனா அது தப்பான முடிவு. நீங்க இதை எங்க கையில குடுத்தீங்கன்னா, வருசா வருசம் இதே நாளுக்கு நானே கொண்டு வாரேன்."

"எழுதித் தருவீகளா?"

"எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்ல சாராள். வாயாலதான் சொல்ல முடியும். ஆபீஸ்ல ஒத்துக்கலேன்னா அடுத்த வாரமே புத்தகத்தத் திருப்பிக் கொண்டாந்து உங்க கையில குடுத்துருவேன். ரெண்டுல ஒண்ணு நடக்கும். மூணாவது ஒண்ணு நடக்காது."

 சாராள் உபதேசியாரிடம், "ஏலத்தப் போடுங்க" என்றார்.

தொகை எதையும் நான் சொல்லப்போவதில்லை. சாராள் தொடங்கினார். வியாபாரி ஏற்றினார். சாராள் ஏற்றினார், அவரும் ஏற்றினார். சாராளின் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அந்த ஆண்டு மழை பாதியில் ஏமாற்றியிருந்தது. அங்கே இருந்த யாரிடமும் வீசி எறியக் காசு கிடையாது.  உபதேசியார் ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். அவர் வேண்டுமென்றேதான் அவ்வளவு இழுத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"கெழக்குத் தெரு சேந்து கேக்கோம்" என்று சாராளுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் குரல். வியாபாரி ஏற்றினார். "எங்க தெருவும் சேந்துக்கிடுது" என்றது ஆண்கள் பக்கம். சற்றுமுன் ஓட்டலில் தொங்கினால் பெருமை என்று சொன்ன அதே ஆள்தான். வத்தல் விற்று வந்ததும் தருகிறோம், மல்லியைக் கடைக்குப் போட்டதும் தருகிறோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வியாபாரி மறுபடி ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் அவர் கண் புத்தகத்தின் கனத்துக்குப் போய் வந்தது. இத்தனை தாள், ஒரு தாளுக்கு இவ்வளவு விழும் என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்களுக்கு வகுக்க ஒன்றும் இல்லை. அவர்கள் முழுப் புத்தகத்தைக் கேட்டார்கள். ஓர் இடத்தில் அவருடைய கணக்கு கட்டுப்படியாகவில்லை. சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் தரம் ஆனது. உபதேசியார் சாராளைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார். "வீட்டுக்கா, திரும்பவுமா?"

"வீட்டுக்கும் இல்ல, திரும்பவும் இல்ல. சபைக்கு" என்றார் சாராள்.

அப்படி ஒரு பதிலை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. மூப்பர் எழுந்து ஆமென் என்றார்.  சாராள் புத்தகத்தை மஞ்சள் துணியோடு எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். எல்லோரும் பார்க்க, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டிக் காட்டினார். "எல்லாம் இருக்குதா, பாத்துக்கிட்டீகளா? வரும்போதும் இப்பிடியே இருக்கணும்" என்றார்.  தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் காலை தலைமைக் காப்பாளரின் மேஜைக்கு முன்னால் நின்று அதையே சொன்னேன். குழு கூடியது. அதிகாரம் இல்லாமல் வாக்குக் கொடுத்ததற்கு எனக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. என் பணிப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள், எனக்கு அதில் வெட்கம் இல்லை. வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புத்தகத்தை வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் நயமாகக் கேட்டார். "முடியாது. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது" என்று எழுந்தேன். அப்போதுதான் தலைமைக் காப்பாளர் வாயைத் திறந்தார். நன்கொடை என்று வாங்கினால்தானே நிபந்தனை கூடாது, இது சபையின் பொருள், நம்மிடம் பாதுகாப்புக்காகக் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் கேட்கும் நாளில் கொடுத்து வாங்குவதில் என்ன விதி மீறல் என்றார். குழு ஒத்துக்கொண்டது. அலமாரியில் மற்ற எல்லாப் புத்தகங்களும் நம்முடையவை. இது ஒன்று மட்டும் நம்மிடம் இருக்கும் புத்தகம்.

இனி உங்கள் ஸ்கேன். ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எடுங்கள், நன்றாக எடுங்கள். ஆனால் நடுவே ஒரு வருடம் புத்தகத்தின் தையல் விட்டுப்போய், பிரித்தால் தாள் கையோடு வந்துவிடும் என்ற நிலை. அப்போதும் சொன்ன சொல்லுக்காகப் பெட்டியில் போட்டு, நாடா கட்டி எடுத்துக்கொண்டு போனேன். சாராளிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குப் பாட்டு நடக்காதோ என்று எனக்குப் பயம்தான். "தெறக்க வேண்டாம்க்கா. நடுவுல வைங்க, போதும்" என்றார். நாடாவை அவிழ்க்காமல் பெட்டியை நடுவில் வைத்தேன். சுற்றி உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடினார்கள். ஒரு வரி பிசகவில்லை. தாளில் எழுதியிருப்பது அவர்களுக்கு எப்போதோ மனப்பாடம். ஸ்கேனில் நாம் அனுப்புவது அந்த எழுத்தைத்தான், அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் கேட்பது, கடன் சொல்லி இரண்டு தெருவும் சேர்ந்து எடுத்த அந்தப் புத்தகம் அன்றைக்கு அங்கே இருக்க வேண்டும் என்பது. அதற்குத்தான் நான் வாக்குக் கொடுத்தேன்.

பஸ்ஸில் புத்தகம் கெடும் என்கிறீர்கள். கெடாமல் கொண்டுபோவது உங்கள் வேலை. அதற்குத்தான் சம்பளம். நல்ல பெட்டி செய்யுங்கள், ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள், மேலே சாமான் தட்டில் வைக்காதீர்கள், மடியில் வையுங்கள். அருப்புக்கோட்டையில் இறங்கி மாறும்போது டீ குடிக்கத் தோன்றும். குடிக்காதீர்கள். ஊரில் மோர் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வருடமும் நான் போய் இறங்கியதும் சாராள் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு, புத்தகத்தை வாங்கிக் கோவில் வாசலிலேயே நின்று முதலிலிருந்து கடைசி வரை தாள் தாளாகப் புரட்டிப் பார்ப்பார். அதன்பிறகுதான் வாங்க என்று சொல்வார். எனக்கு ஆரம்பத்தில் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருடம் ஆகியும் நம்பிக்கை இல்லையா என்று ஒருமுறை கேட்கக்கூட வாயெடுத்தேன். போன மாசியில், ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் போனபோது, வழக்கம்போலப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். சாராள் கையைக் கழுவினார், துடைத்தார், வாங்கினார். பிரிக்கவே இல்லை. அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு, "வாங்கக்கா, சாப்பிடுங்க" என்று உள்ளே நடந்தார். நான் வாசலிலேயே நின்று அழுதேன். சொல்வதற்கென்ன, அழுதேன்தான்.

இந்த மாசிக்கு நீங்கள் போகிறீர்கள். உங்களை அவருக்குத் தெரியாது. அதனால் உங்கள் முன்னால் மறுபடியும் முதல் தாளிலிருந்து புரட்டுவார். நேரமாகும், வெயில் மண்டையைப் பிளக்கும். அவர் கடைசித் தாளுக்கு வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.